கூரையைப் பிரித்த நால்வர்

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த இந்நகரில் கோயில் மணியும், தேவாலய மணியும், பள்ளிவாசலின் தொழுகையழைப்பும் ஒன்றையொன்று தொடர்ந்து ஒலிக்கும். இறைவனை அழைக்கும் குரலுக்கு இங்குக் குறைவில்லை. ஆயினும், உடற்குறையோடு பிறந்த மகவை ஏந்தி நிற்கும் தாயின் செவியில் முதலில் விழுவது ஒரு வினாவே: "இது யார் செய்த வினை?"

பழைய வினா அது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், பாவம் இவனுடையதா, பெற்றோருடையதா என இயேசுவை வினவினர். இருவருடையதும் அன்று என அவர் மறுத்ததை யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் கூறுகின்றது. 'ஆள்வினையுடைமை' பாடிய வள்ளுவரும், பொறியின்மை எவர்க்கும் பழியாகாது, முயற்சியின்மையே பழி என்றார். பொறி என்பதற்கு விதியென்று உரை கண்டாரும் உளர். உறுப்பென்று கொண்டாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், அறநூல் நீக்கிய பழியைச் சுமத்த நமக்கு உரிமையில்லை.

இப்பழியைச் செயலால் மறுத்தவர் சிலரை நன்றியோடு நினைக்கின்றேன். பாளையங்கோட்டையில் 1890-ஆம் ஆண்டளவில் விழியற்ற சிறுவர்க்குக் கல்வி புகட்டத் தொடங்கினார் ஆஸ்க்வித் அம்மையார். அதே ஊரில், அந்நூற்றாண்டு முடியுமுன், செவிப்புலனற்ற சிறார்க்குப் பள்ளி கண்டார் சுவெய்ன்சன் அம்மையார். இலங்கையில் மேரி சாப்மன் என்னும் மிஷனரிப் பெண்மணி 1912-இல் நிறுவிய பள்ளி இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகட்கென 1956-இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. விரலால் தடவிப் படிக்கும் எழுத்தும், கையால் பேசும் மொழியும் இரக்கத்தால் இட்ட பிச்சையல்ல. மனிதனை மனிதனாக மதித்ததன் அடையாளம்.

எனினும், பள்ளி தொலைவில் உளது. வீடோ இங்கே உளது. நான் அறிந்த தாய் ஒருத்தி, வளர்ந்த மகனைத் தனியே விட இயலாமையால் ஆண்டுக்கணக்கில் ஆராதனைக்கு வந்திலள். "எங்களுக்குப் பிறகு இவனை யார் பாப்பினம்?" என்றாள். அவளுக்கு வேண்டுவது அற்புதம் பற்றிய வாக்குறுதி அன்று. குணமாகாத பிள்ளையைக் காட்டி, விசுவாசம் போதாது என்று உரைப்பது, பழைய பழியையே புதுப் பெயரால் சுமத்துவதாகும்.

மாற்கு நற்செய்தியில், திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வருகின்றனர். கூட்டம் வழிவிடவில்லை, அவர்கள் கூரையைப் பிரித்தனர். இயேசு கண்டது அவர்தம் விசுவாசத்தை என்கிறது அந்நூல். கூட்டமும் கடவுளின் சொல்லைக் கேட்க வந்த கூட்டமே என்பதை நாம் மறத்தலாகாது.

பொதுக் கட்டடங்களுள் நுழையும் உரிமையை 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016-இல் ஏற்றது. சட்டம் வாயிலைத் திறக்கலாம். அருகில் அமர்வதற்கு அயலார் வேண்டும். படியருகே ஒரு சாய்தளம், சைகை மொழி கற்ற ஒருவர், தாய் வழிபடும் ஒரு மணிநேரம் மகனோடு இருக்கும் ஓர் இளைஞன்: எந்தச் சபைக்கும் இவை இயலாதன அல்ல. நால்வர் முன்வந்தால் போதும். அவர்களுள் ஒருவர் நம் மாணவராக இருத்தல் வேண்டும் என்பதே என் விருப்பம்.