கோவையிலிருந்து ஒரு புதுத் தாளம்

"ஏனுங்க, இது பாட்டுங்களா, பேச்சுங்களா?" என்று அன்னூர்ப் பாட்டிமார் கேட்கக்கூடும். கும்மிக்கும் ஒப்பாரிக்கும் சொல்லைத் தாளத்தில் அடுக்கத் தெரிந்த அவர்களுக்கு, ஹிப் ஹாப் அப்படியொன்றும் அந்நியம் அல்ல!

1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர்களிடையே பிறந்த இசை இது. அதைத் தமிழ் பேச வைத்தவர்களில் முக்கியமானவர், நம் பக்கத்துக் கோவைக்காரரான ஆதி. நண்பர் ஜீவாவோடு சேர்ந்து 'ஹிப் ஹாப் தமிழா' என்ற பெயரில், 2012-ல் 'ஹிப் ஹாப் தமிழன்' பாடல் தொகுப்பை வெளியிட்டார். சினிமாவின் துணையில்லாமல் பாட்டு மட்டும் தனியே எடுபடுவது நம் நாட்டில் சாமானியமா? 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைக்க, சினிமாவே அவர்களைத் தேடி வந்தது.

ஆனால், முதலில் பெயர் வாங்கித் தந்த 'கிளப்புல மப்புல' இருக்கிறதே, அது குடித்துக் கூத்தடிக்கும் நவநாகரிகப் பெண்களைச் சாடும் பாட்டு. வாலிபர்கள் கொண்டாடினார்கள். பெண்ணை மட்டும் ஏசுவானேன் என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சிதான். குடியால் வீட்டில் கண்ணீர் விடுகிறவள் யார், விட வைக்கிறவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

இருந்தாலும் அந்தத் தாளம் பொல்லாதது, அம்மா! கோபத்தோடு கேட்கிறவர் காலையும் ஆட வைத்துவிடுகிறது.