பாலத்தின் மேல் இரண்டு ஆண்டு சாதகம்

1959-ல் ஜாஸ் கலைஞர் சோனி ராலின்ஸ் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார். டெனர் சாக்ஸபோனில் அவருக்கு இணை சொல்ல ஓரிருவரே இருந்த காலம் அது. அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. வாய்ப்புக்கும் குறைவில்லை. ஊர் சொல்லும் புகழுக்குத் தன் வாசிப்பு ஈடாகவில்லை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார், அவ்வளவுதான்.

நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் நெருக்கமான குடியிருப்பு. பக்கத்தில் ஒரு கர்ப்பிணி. வீட்டில் சத்தமாக வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை. நடந்து போகும் தூரத்தில் ஈஸ்ட் நதியின் குறுக்கே வில்லியம்ஸ்பர்க் பாலம் இருந்தது. அதன் நடைபாதைதான் அவருடைய சாதகக் கூடமானது. ரயில், படகு, கார் இரைச்சலுக்கு நடுவே, குளிர்காலத்திலும், சில நாள் பதினைந்து மணி நேரம்கூட வாசித்தார். இரண்டு ஆண்டுக்குப் பின் திரும்பி வந்து 1962-ல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு ‘தி பிரிட்ஜ்’ என்றே பெயர். புரட்சியை எதிர்பார்த்த விமர்சகர்கள் சிலருக்கு அதில் ஏமாற்றம். அவர் தேடியதோ புதுமையை அல்ல, தேர்ச்சியை.

தம்மிடமே காட்டிய இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பட்ட அனுபவம் உண்டு. 1930-ல் ஹார்லமில் பிறந்தவர். பெற்றோர் கரீபியனின் வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர்கள். இளமையிலேயே ஹெராயினுக்கு அடிமையாகிச் சிறை சென்றார். 1955-ல் லெக்சிங்டன் அரசு மருத்துவமனையில் தாமாகவே சேர்ந்து மீண்டார். மறு ஆண்டே ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ இசைத்தட்டு பதிவானது. 1958-ல் கறுப்பினத்தவரின் உரிமைக்காக ‘ஃப்ரீடம் சூட்’ வாசித்தார்.

ஜாஸின் உயிர் மனோதர்மம். யோசித்துக்கொண்டே வாசிக்க முடியாது என்பது ராலின்ஸின் கொள்கை. பயிற்சியில் எல்லாவற்றையும் கற்க வேண்டும். மேடையில் அத்தனையையும் மறந்துவிட வேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் மறுபடி ஒதுங்கியபோது மும்பை பவாய் ஆசிரமத்தில் வேதாந்தமும் யோகமும் பயின்றார். தியானத்தில் மனம் நிலைக்கவில்லை என்று முறையிட்டவருக்கு, வாசிப்பதே உன் தியானம் என்று அங்கிருந்த ஆசிரியரிடமிருந்து பதில் கிடைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நல்ல ஆசிரியர்தான் வாய்த்திருக்கிறார்.

நுரையீரல் நோயால் 2012-க்குப் பின் அவர் மேடை ஏறவில்லை. பிறகு வாசிப்பதையே விட நேர்ந்தது. ஆனால் அந்தச் சாதகத்தின் சுவடு எழுத்தில் இருக்கிறது. 1959 முதல் அவர் எழுதிவந்த குறிப்பேடுகளில் விரல் வைப்பும் மூச்சும் உணவுக் கட்டுப்பாடும் ஒரே பக்குவத்தின் பகுதிகளாக வருகின்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் 2024-ல் நூலாக வெளிவந்துள்ளன.