வீட்டிலேயே கரோக்கி கச்சேரி! ஒயர்லெஸ் மைக், மிக்சர் வாங்கப் போறீங்களா? காசை விடும் முன்னாடி கவனிங்க

சென்னை:

பாத்ரூமுக்குள் மட்டும் பாடிக் கொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது ஹாலுக்கு வந்து விட்டார்கள். கையில் மைக், எதிரே டி.வி.யில் ஓடும் பாட்டு வரி, பின்னால் இசை மட்டும். ஆட்டோ ஓட்டுகிறவர், தையல் கடைக்காரர், மில் தொழிலாளி என்று யார் வேண்டுமானாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடகர் ஆகி விடலாம். இதுதான் கரோக்கி.

ஆசை வந்ததும் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு ஓடுகிறார்கள். கண்ணில் பட்ட மைக்கை வாங்கி வருகிறார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒரே 'கூ...' சத்தம். இல்லாவிட்டால் பாடியது ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். தீபாவளி போனசில் வாங்கிய செட் பொங்கலுக்குள் பரண் மேல் ஏறி விடுகிறது.

எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது, எப்படி மாட்டுவது? விவரம் இதோ.

காப்புரிமை வாங்காத கில்லாடி

கரோக்கி என்பது ஜப்பான் சொல். 'கரா' என்றால் காலி. 'ஓக்கே' என்பது ஆர்க்கெஸ்ட்ராவின் சுருக்கம். அதாவது பாடகர் இல்லாத, காலியான ஆர்க்கெஸ்ட்ரா.

டோக்கியோவைச் சேர்ந்த ஷிகேயிச்சி நெகிஷி 1967-ம் ஆண்டு இப்படி ஒரு பெட்டியை செய்தார். 1971-ல் கோபே நகரத்தில் மதுக்கடைகளில் வாசித்து வந்த டைசுகே இனோவே, காசு போட்டால் இசை ஓடும் மெஷினை செய்து வாடகைக்கு விட்டார். உலகம் முழுக்க பரவிய சரக்கு. ஆனால் மனுஷன் காப்புரிமை வாங்கவில்லை! அவருக்கு 2004-ல் கிடைத்தது சிரிக்க வைத்து சிந்திக்க வைக்கும் கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படும் 'இக் நோபல்' சமாதானப் பரிசு. மற்றவர்கள் பாடுவதைப் பொறுத்துக் கொள்ள மக்களுக்குக் கற்றுக் கொடுத்ததற்காகவாம்!

முதலில் ப்ளூடூத் குழப்பம்

வீட்டு கரோக்கியில் பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 'ஒயர்லெஸ்' என்றால் எல்லாமே ப்ளூடூத் என்று நினைத்து விடுகிறார்கள்.

ப்ளூடூத் வழியாகப் போகும் சத்தம் உடனே வெளியே வராது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் இருந்து கால் பங்கு வரைக்கும் தாமதம் ஆகும். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் காற்றில் சத்தம் ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். அப்படிப் பார்த்தால், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் என்பது 70 மீட்டர் தள்ளி தெருமுனையில் நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டுக் கொண்டே பாடுவதற்குச் சமம். தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் எப்பேர்ப்பட்ட பாடகரும் தாளம் தப்பி விடுவார்.

எனவே ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக் கொண்டால் போதும். பாட்டு ப்ளூடூத்தில் வரலாம். குரல் ப்ளூடூத்தில் போகக் கூடாது.

செல்போனில் இருந்து மிக்சருக்கு இசை ப்ளூடூத்தில் வந்தால் பரவாயில்லை. காதில் விழும் இசைக்கு ஏற்றபடி பாடிக் கொள்ளலாம். ஆனால் மிக்சரில் இருந்து ஸ்பீக்கருக்குக் கண்டிப்பாக ஒயர்தான் போக வேண்டும். 'மைக், மிக்சர் எல்லாம் நல்லதுதான் வாங்கினேன், ஆனா குரல் லேட்டா வருதே' என்று புலம்புகிறவர்கள் வீட்டில் கடைசியாக இருப்பது பெரும்பாலும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர்தான்.

ஸ்பீக்கர் உள்ளேயே வைத்து வரும் குண்டு மைக்குகளில் குரல் நேராக அதே ஸ்பீக்கருக்குப் போவதால் தாமதம் தெரியாது. குழந்தைகள் விளையாட அது போதும். ஆனால் வாயும் ஸ்பீக்கரும் ஒரே கையில் இருப்பதால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே கூவ ஆரம்பித்து விடும்.

ஒயர்லெஸ் மைக்: மூன்று ரகம்

கடையில் கிடைப்பது மூன்று ரகம்.

வி.எச்.எப்.: பழைய ரகம். விலை குறைவு. நீளமான ஆன்டெனா இருக்கும். கர்புர் சத்தம் சீக்கிரம் வரும்.

யு.எச்.எப்.: இப்போது அதிகம் விற்பது. வீட்டுக்கு இதுவே சரி. இரண்டு மைக், ஒரு ரிசீவர் பெட்டி என்று ஜோடியாக வரும்.

2.4 கிகாஹெர்ட்ஸ்: டிஜிட்டல் ரகம். தாமதம் மிகக் குறைவுதான். ஆனால் வீட்டு வைபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே பாதையில்தான் ஓடுகின்றன. அடுக்குமாடி வீடுகளில் நெரிசல் இருக்கும்.

யு.எச்.எப். வாங்கும்போது அலைவரிசை எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரிசீவரின் பின்பக்கமோ, மைக்கின் அடியிலோ போட்டிருப்பார்கள். 2022 ஏலத்துக்குப் பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி 5ஜி செல்போன் சேவைக்குப் போய் விட்டது. 800, 900 பகுதிகளிலும் செல்போன் கோபுரங்கள் பேசிக் கொண்டு இருக்கின்றன. கோபுரத்துக்குப் பக்கத்து வீடு என்றால் அங்கே மைக் திக்கித் திணறும். அலைவரிசையை மாற்றிக் கொள்ளும் வசதி உள்ள மைக் என்றால் தப்பித்துக் கொள்ளலாம். ஒரே எண்ணில் பூட்டி வைத்த மைக் என்றால் அவ்வளவுதான்.

ஜோடி மைக்கில் இரண்டும் வேறு வேறு அலைவரிசையில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆன் செய்து பாடிப் பார்த்தால்தான் இது தெரியும்.

ஒயர் மைக் போதாதா?

நியாயமான கேள்விதான். ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடுகிறவருக்கு ஒயர் மைக் தாராளமாகப் போதும். அதே விலைக்கு ஒயர்லெஸ்சை விட நல்ல குரல் கிடைக்கும். பேட்டரி செலவு இல்லை, அலைவரிசை தொல்லையும் இல்லை. 'டைனமிக்' ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். ஸ்டூடியோவில் வைக்கும் 'கன்டென்சர்' மைக் வீட்டு ஹாலுக்கு சரிப்படாது. மின்விசிறி சத்தம், குக்கர் விசில், தெருவில் போகும் ஹாரன் வரை இழுத்துக் கொண்டு வந்து விடும்.

ஒயர் மைக்கில் ஒரு ஆபத்து உண்டு. மைக்கின் இரும்பு உடம்பு ஒயர் வழியாக ஆம்ப்ளிபயரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. ஆம்ப்ளிபயரில் கசிவு இருந்து, வீட்டில் எர்த்தும் இல்லை என்றால் மைக் உதட்டில் பட்டதும் ஷாக் அடிக்கும். உயிரே போகலாம். எனவே மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை உடைத்துப் போட்டு சொருகுவதெல்லாம் வேண்டாம். ஈரக் கை, ஈரத் தரை கூடவே கூடாது. ஒயர்லெஸ் மைக்கில் இந்தப் பயம் இல்லை. வீட்டில் குழந்தைகள் பாடுவார்கள் என்றால் ஒயர்லெஸ்சுக்கு ஓட்டுப் போட இதுவே பெரிய காரணம்.

பெரிய வெளிநாட்டுக் கம்பெனி பெயர் போட்ட மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது போலி என்று எடுத்துக் கொள்ளலாம். 1966-ல் வந்து இன்றும் மேடைகளை ஆளும் ஷூர் எஸ்.எம்.58 மைக்குக்கு உலகம் முழுக்க டூப்ளிகேட் உண்டு. அசல் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

மிக்சர் எதுக்கு?

திங்கிற மிக்சர் இல்லீங்க! பாட்டு, இரண்டு பேர் குரல் எல்லாவற்றையும் கலந்து ஒரே சத்தமாக ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி. கணவர் குரல் கனமாகவும் மனைவி குரல் மெலிசாகவும் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம்.

வீட்டுக்கு 4 சேனல் மிக்சர் போதும். இரண்டு மைக்குக்கு இரண்டு, பாட்டுக்கு இரண்டு. 8 சேனல், 12 சேனல் எல்லாம் மேடைக் கச்சேரிக்காரர்கள் சமாச்சாரம். வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

* எக்கோ அல்லது ரிவெர்ப் உள்ளேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் பாடினால் குரல் வறட்டுக் குரலாகக் கேட்கும்.
* எக்கோவை ஒவ்வொரு மைக்குக்கும் தனியாகக் கூட்டிக் குறைக்க முடிந்தால் நல்லது. பாட்டுக்கு எக்கோ போகக் கூடாது.
* கன சத்தம், கூர் சத்தம் இரண்டுக்கும் தனித்தனி திருகு வேண்டும்.
* அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கு இருக்க வேண்டும்.

மைக் ரிசீவரின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பது முக்கியம். சிலதில் இரண்டு மைக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கும். இரண்டு குரலும் உள்ளேயே கலந்து வந்து விட்டால், அப்புறம் மிக்சரில் எப்படிப் பிரிப்பது? ஆளுக்கு ஒரு ஓட்டை இருப்பதை வாங்கினால்தான் மிக்சருக்குப் போட்ட காசு பிரயோஜனம்.

மிக்சரில் '48 வோல்ட்' அல்லது 'பேன்டம்' என்று ஒரு பொத்தான் இருக்கலாம். அது கன்டென்சர் மைக்குக்கான கரண்ட். ஒயர்லெஸ் ரிசீவரை மாட்டியிருக்கும்போது அதைத் தொடக் கூடாது. சில ரிசீவர்கள் கெட்டுப் போகும்.

இதெல்லாம் தலைவலி என்று நினைப்பவர்களுக்கு இரண்டு மைக்கோடு வரும் டிராலி ஸ்பீக்கர் இருக்கிறது. மிக்சர், ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது என்பதுதான் அதில் குறை.

மாட்டுவது எப்படி?

1. மைக் ரிசீவரில் இருந்து மிக்சரின் மைக் சேனலுக்கு ஒயர்.
2. செல்போன் அல்லது டி.வி.யின் ஹெட்போன் ஓட்டையில் இருந்து மிக்சரின் ஸ்டீரியோ சேனலுக்கு ஒயர். டி.வி.யில் ஆப்டிகல் ஓட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் பெட்டி வாங்க வேண்டி வரும்.
3. மிக்சரின் மெயின் அவுட்டில் இருந்து ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் ஓட்டைக்கு ஒயர்.

ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் ஒயரை எக்காரணம் கொண்டும் மிக்சருக்குள் விடக் கூடாது. மிக்சர் காலி!

ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிபயர் முதலில். மாற்றிச் செய்தால் 'டொம்' என்று ஒரு அடி விழும். ஸ்பீக்கருக்கு ஆகாது.

அடுத்தது அளவு. எல்லாத் திருகையும் குறைத்து வைத்துக் கொண்டு, பாட்டில் வரும் உச்சக் குரலில் பாட வேண்டும். பாடிக் கொண்டே மைக் கெயினைக் கூட்டினால் சிவப்பு விளக்கு மினுக்கும். அங்கே இருந்து கொஞ்சம் குறைத்தால் சரியான இடம். அதன் பிறகு பாட்டு, கடைசியாக எக்கோ. எக்கோவை அள்ளிப் போட்டால் கிணற்றுக்குள் இருந்து பாடுவது மாதிரி இருக்கும். வார்த்தை புரியாது.

'கூ...' சத்தம் ஏன்?

ஸ்பீக்கரில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் நுழைகிறது. அது பெரிதாகி மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து கூவுகிறது. கூர்மையான இந்தச் சத்தம் சின்ன ஸ்பீக்கர்களைச் சில நொடியில் எரித்து விடக்கூடும்.

ஸ்பீக்கர் முன்னால், பாடுபவர் அதற்குப் பின்னால் என்று நிற்க வேண்டும். மைக்கை ஸ்பீக்கர் பக்கம் நீட்டக் கூடாது. வாய்க்கு இரண்டு, மூன்று விரல் தூரத்தில் பிடிக்க வேண்டும். சினிமாவில் வருவது மாதிரி மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் கூவுவது அதிகமாகும். பல ஒயர்லெஸ் மைக்குகளில் ஆன்டெனா அடிப்பக்கம் இருப்பதால், அடியைப் பொத்தினாலும் சிக்னல் அறுந்து போகும். நடுவில் பிடிப்பதே நல்லது.

மொசைக் தரை, வெறும் சுவர் ஹாலில் சத்தம் மோதித் திரும்பும். ஜன்னலுக்குத் துணித் திரை, கீழே ஜமுக்காளம் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

பத்து மணிக்கு மேல் பாடினால்?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. சொந்த வீட்டு சவுண்ட் சிஸ்டம் என்றாலும், வீட்டு எல்லையில் இந்த அளவை விட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒண்டிக் குடித்தனத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கும் மனுஷன் இருப்பார். பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரு பாட்டுப் பாடக் கூப்பிட்டு விட்டால் பாதிச் சண்டை குறையும்!

கடையிலேயே சோதனை

'ஹலோ... மைக் டெஸ்ட்' என்று சொல்லி விட்டு வந்தால் போதாது. தன் செல்போனில் தெரிந்த பாட்டின் கரோக்கி டிராக்கைப் போட்டு, ஒரு சரணமாவது பாடிப் பார்க்க வேண்டும். 'ப', 'ச' எழுத்துகள் வரும் இடத்தில் புஸ் என்று காற்று அடிக்கிறதா? மைக்கோடு பத்து, பதினைந்து அடி நடந்து திரும்பினால் குரல் அறுகிறதா? மைக்கை அணைத்தால் இரைச்சல் வருகிறதா? மூன்றையும் பார்க்க வேண்டும்.

பேட்டரியையும் கேட்டுக் கொள்ள வேண்டும். பென்சில் செல் போடும் மைக் என்றால் செலவு தொடர்ந்து வரும். சார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட், சாதா செல் 1.5 வோல்ட். சில மைக்குகள் குறைந்த வோல்ட்டில் சீக்கிரம் மங்கும். உள்ளேயே சார்ஜ் ஏறும் மைக் என்றால், அந்தப் பேட்டரி பிறகு தனியாகக் கிடைக்குமா என்று விசாரிப்பது நல்லது. வாரக்கணக்கில் பாடாமல் வைத்தால் செல்லைக் கழற்றி விட வேண்டும். கசிந்தால் மைக் போச்சு.

கடைசியாக, பில் இல்லாமல் வாங்கக் கூடாது. வாரண்டி மைக்குக்கு மட்டுமா, ரிசீவர், அடாப்டருக்கும் சேர்த்தா என்று பில்லிலேயே எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். கையில் பணம் குறைவா? ஒரு டைனமிக் ஒயர் மைக், எக்கோ உள்ள சின்ன மிக்சர், வீட்டில் ஏற்கனவே இருக்கும் ஹோம் தியேட்டர் இந்த மூன்றை வைத்தே ஆரம்பிக்கலாம். அடுத்த போனசுக்கு ஒயர்லெஸ் ஜோடி வாங்கினாலும் அதே மிக்சரில் மாட்டிக் கொள்ளலாம். போட்ட காசு ஒன்றும் வீண் போகாது.