சிரிக்காமல் சிரிக்க வைக்கும் கலை

தனியே படித்தால் புன்னகையோடு முடிந்துபோகும் நகைச்சுவைக் கதை, வகுப்பில் ஒருவர் எழுந்து நின்று வாசித்தால் எல்லாரையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறது. தனியாக இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் ப்ரொவைனின் ஆய்வு கூறுகிறது. ஒருவரின் சிரிப்பொலியே பக்கத்திலிருப்பவரையும் தொற்றிக்கொள்ளும்.

அந்த முதல் சிரிப்பை வரவழைப்பது பழகினால் கைவரும் கலை. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையையே எடுத்துக்கொள்வோம். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறியதும், எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவர் தன்னை விட்டுவிடுவதால் ஐந்துதான் தேறுகிறது. ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஓலமிடுகிறார்கள்.

இதை வாசிப்பவர் எதிரில் ஆட்கள் நிற்பதாகவே நினைத்து, விரலால் சுட்டி, அக்கறையோடு எண்ண வேண்டும். ‘ஐந்து’ என்றதும் ஒரு மூச்சு நேரம் நிறுத்த வேண்டும். பிசகு எங்கே என்பதைக் கேட்பவர்கள் தாங்களே பிடிப்பது அந்த இடைவெளியில்தான். அவசரப்பட்டு அடுத்த வரிக்குத் தாவினால் சிரிப்பு எழாது. இரண்டாம் முறை எண்ணும்போது குரலில் பதற்றம் கூடட்டும். மூன்றாம் முறை அழுகை எட்டிப் பார்க்கட்டும்.

வாசிப்பவர் மட்டும் சிரிக்கக் கூடாது. சிரிக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விட்டுவிட்டு இறுகி, மூச்சைத் துண்டு துண்டாக வெளியே தள்ளும். பேச்சுக்கு வேண்டிய சீரான மூச்சையும் இதே தசைகள்தான் தருகின்றன. அதனால் சிரிப்பு வந்தால் சொல் குழறிவிடும். அந்தச் சீடர்களுக்கோ தங்கள் துயரம் உண்மையானது. முகத்தில் அந்தக் கவலை தெரிந்தால்தான் வகுப்பு சிரிக்கும்.

இன்னொன்று, தமிழ் வாக்கியத்தின் முக்கியச் சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். மூச்சுத் தீர்ந்து அதை விழுங்கிவிடுவது புதிதாக வாசிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. எங்கே மூச்சு வாங்குவது என்று பென்சிலால் முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம். வகுப்பு சிரிக்கத் தொடங்கினால், அது அடங்கிவரும் வரை பொறுத்து அடுத்த வரியைத் தொடங்க வேண்டும்.

ஆசிரியர்களே, வாரம் ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். மேடை என்றாலே நடுங்கும் பிள்ளைக்கும் முதல் வாய்ப்பைக் கொடுங்கள்.