கறுப்பு வெள்ளை பிரிண்டில் கலர் எங்கிருந்து வருது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

தாத்தா பாட்டி கல்யாண போட்டோவை ஸ்கேன் பண்ணி, கறுப்பு வெள்ளையில் பெரிசா பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டுறீங்கன்னு வைங்க. அது எத்தனை வருஷம் அப்படியே இருக்கும்? இன்னைக்கு இதைத்தான் பேசப்போறோம்.

கலர் பிரிண்டரில் சாதாரண செட்டிங்கில் கறுப்பு வெள்ளை போட்டோ அடிச்சா, அதில் தெரியும் சாம்பல் நிறத்தின் பெரும்பகுதி பல சமயம் கலர் இங்க்தான். சயான், மெஜந்தா, மஞ்சள் மூணும் சரியான அளவில் சேரும்போது நம்ம கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியுது. இதில் ஒண்ணு கொஞ்சம் கூடினாலோ குறைஞ்சாலோ, பாட்டியின் முகத்தில் பச்சையோ ரோஸோ ஏறிடும். கடை டியூப்லைட்டில் சரியா இருந்த பிரிண்ட், வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வேற மாதிரி தெரியவும் இந்தக் கலவைதான் காரணம்.

இப்போ ஆயுள் விஷயத்துக்கு வருவோம். இங்க்கில் ரெண்டு வகை உண்டு. டை இங்க், தண்ணியில் கரைஞ்ச சர்க்கரை மாதிரி. அதன் மூலக்கூறுகள் தனித்தனியா பேப்பரில் போய் உட்காருது. வெளிச்சமும் காற்றில் இருக்கிற ஓசோனும் அதைச் சுலபமா உடைச்சிடும். பிக்மென்ட் இங்க்கில் இருப்பது கரையாத நுண்துகள்கள். வெளிப்பக்கம்தான் அடி வாங்கும், உள்ளே இருப்பது தப்பிக்கும். அதனால் பொதுவா பிக்மென்ட்டுக்கு ஆயுள் அதிகம்.

2000-ல் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 மாடல்களில் டை இங்க்கில் எடுத்த பிரிண்டுகள் சிலருக்குச் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாகிடுச்சு. காற்றில் இருந்த ஓசோன் சயானைத் தின்னதுதான் காரணம். சயான் போனா மிச்சம் மெஜந்தாவும் மஞ்சளும், அதாவது ஆரஞ்சு.

ஆனா கறுப்பு பிக்மென்ட் வேற ரகம். அது கார்பன், நம்ம பாஷையில் கரி. வெளிச்சத்தில் வெளுக்காது. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறி, அதில் விளக்குக்கரியைத் தடவித்தான் எழுத்தைத் தெளிவாக்கினாங்க. சில நூற்றாண்டு தாண்டியும் அது படிக்கிற மாதிரி இருக்கு.

அப்போ கார்பனை மட்டும் வச்சு அடிச்சா போதாதா? அங்கேதான் சிக்கல். கார்பனை மெல்லிசாக்கிச் சாம்பலாக்கினா லேசா பழுப்பு தட்டும். இதைத்தான் வார்ம் டோன்னு சொல்றாங்க. நியூட்ரல் சாம்பல் வேணும்னா அதில் கொஞ்சம் கலர் பிக்மென்ட் சேர்க்கணும். காலப்போக்கில் முதலில் மங்குறது அந்தக் கலர்தான். ஆக, டோனும் ஆயுளும் ஒரே கேள்வி: உங்க சாம்பலில் எவ்வளவு கலர் கலந்திருக்கு?

2005-ல் வந்த எப்சன் கே3 இங்க், ஒரே கறுப்பை அடர்த்தி, மிதம், மெலிசுன்னு மூணு நிலையில் வச்சது. அதன் கறுப்பு வெள்ளை மோடில் டோனைச் சரிசெய்ய மட்டும் கொஞ்சம் கலர் போகும். அமெரிக்காவின் ஜான் கோன் உருவாக்கிய பீசோகிராஃபியில் கலர் கார்ட்ரிட்ஜ் இருக்கிற இடத்திலும் சாம்பலின் வெவ்வேறு அடர்த்திகளையே நிரப்புறாங்க.

பேப்பரையும் மறந்துடாதீங்க. பளிச்சுனு நீலம் தட்டின வெள்ளையா இருக்கிற பேப்பரில் ஆப்டிகல் பிரைட்னர் இருக்கும். அது சக்தி இழக்கும்போது பேப்பர் மஞ்சளாகும். இங்க் அப்படியே இருந்தாலும் படத்தோட டோன் மாறின மாதிரி தெரியும்.

இன்னொண்ணு. '100 வருஷம் மங்காது'ன்னு விளம்பரத்தில் பார்த்தா, அது பலமான வெளிச்சத்தில் வச்சுச் சோதிச்சு, குறிப்பிட்ட சூழலுக்காகப் போட்ட கணக்கு. உங்க ஹால் வெயில் அந்தக் கணக்கில் இருக்காது.

அதனால் பிரிண்ட் போடுற இடத்தில் மூணு கேள்வி கேளுங்க. டையா, பிக்மென்ட்டா? கறுப்பு வெள்ளை மோடில் போடுவீங்களா? பிரைட்னர் இல்லாத காட்டன் பேப்பர் இருக்கா? முதலில் சின்னதா ஒரு டெஸ்ட் பிரிண்ட் வாங்கி, பகல் வெளிச்சத்திலும் ராத்திரி எல்இடி வெளிச்சத்திலும் பாருங்க. பிடிச்சிருந்தா பெரிசா போட்டு, கண்ணாடி ஃபிரேமில், நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.