தீபாராதனையும் திறன்பேசியும்

கோவிலில் பூசை நடக்கிறது. திரை விலகுகிறது, மணி ஒலிக்கிறது, அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டுகிறார். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நொடியில் தலைக்குமேல் உயர்ந்தவை கூப்பிய கைகள் மட்டுமே. இன்று அக்கைகளுக்கிடையே ஒளிரும் திரைகளும் உயர்கின்றன. ஒருவர் படம் எடுக்கிறார். ஒருவர் முகநூலில் நேரலை செய்கிறார். வேறொருவர் குடும்பப் புலனக் குழுவுக்குக் காணொளி அனுப்புகிறார். இன்னும் ஒருவர், காட்டிய தீபம் அணைவதற்குள், தம் பதிவுக்கு எத்தனை விருப்பக்குறிகள் வந்துள்ளன என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

இதைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. “காலத்திற்கேற்ப மாறத்தானே வேண்டும்?” என்று கேட்போரும் உண்டு. இருவரும் பெரும்பாலும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்பதில்லை. வழிபாட்டின்போது என்ன நடக்கிறது, அதில் திறன்பேசி எதை மாற்றுகிறது என்பதைப் பார்த்தால்தான் இந்த வழக்கைத் தீர்க்க முடியும்.

கோவிலுக்குச் செல்வதைத் ‘தரிசனம்’ என்கிறோம். காண்பது என்பதே அச்சொல்லின் பொருள். கோவிலின் அமைப்பும் இந்தக் காட்சியை மனத்தில் கொண்டே உருவானது. மரபுப்படி கட்டப்பட்ட கருவறைக்குச் சன்னல் இல்லை. உள்ளே எண்ணெய் விளக்கின் ஒளி மட்டுமே இருக்கும். வெளியில் வெயிலில் நடந்து வந்தவரின் கண்கள் அந்த இருளுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கும். அப்போது கற்பூரச் சுடர் மேலெழும். தெய்வத்தின் முகம் ஒரு கணம் துலங்கி, மீண்டும் மங்கும். இருளும் காத்திருப்பும் அந்த ஒரு கணமும் சேர்ந்ததே தரிசனம்.

முன்னால் நிற்பவர் உயர்த்திப் பிடிக்கும் திரையின் வெளிச்சம் பின்னால் நிற்பவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. மின்வெட்டொளி பாய்ந்தால் கேட்கவே வேண்டாம். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இக்காலத் திறன்பேசிகள் இருண்ட காட்சியைத் தாமாகவே வெளிச்சமாக்கிவிடுகின்றன. ஆகவே, படத்தில் தெரியும் பளிச்சென்ற கருவறையை அந்தக் கோவிலில் நின்ற எவருமே கண்டதில்லை, படம் எடுத்தவர் உட்பட!

“நினைவுக்காகத்தான் எடுக்கிறேன்” என்பது பலர் கூறும் காரணம். படம் எடுப்பது நினைவுக்கு உண்மையில் உதவுகிறதா? அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் இதை ஓர் அருங்காட்சியகத்தில் ஆராய்ந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார். மாணவர்கள் சில பொருள்களை வெறுமனே பார்த்தார்கள். சிலவற்றைப் படம் எடுத்தார்கள். மறுநாள் சோதித்தபோது, படம் எடுத்த பொருள்களைப் பற்றியே அவர்களுக்குக் குறைவாக நினைவிருந்தது. ‘கருவி பதிவு செய்துகொள்ளும்’ என்று நம்பி மனம் தன் வேலையைத் தளர்த்திக்கொள்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். ஆயினும், ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் கூர்ந்து, பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. கருவியைக் காட்டிலும் கவனத்துக்கே இதில் பங்கு அதிகம்.

2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதைவிடச் சுவையானது. தாமே விரும்பிப் படம் எடுப்பவர்களுக்குக் கண்ணால் கண்டவை நன்றாகவே நினைவில் நின்றன. காதால் கேட்டவையோ குறைவாகவே தங்கின. நம் வழிபாட்டில் செவிக்குரியவை எத்தனை! ஓதுவார் பாடும் தேவாரம், நாதசுவரம், தவில், மணியோசை, பக்கத்தில் நிற்கும் பாட்டி வாய்க்குள் முணுமுணுக்கும் வேண்டுதல். திரையைப் பார்த்தபடி நிற்பவர் முதலில் இழப்பது இவற்றைத்தான்.

இதுவரை சொன்னவை படம் எடுப்பவருக்கு ஏற்படும் இழப்பு. அது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். படம் எடுக்கப்படுபவரின் நிலை அப்படிப்பட்டதன்று.

பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளி இரதம் புறப்பட்டு அங்குச் செல்லும். பக்தர்கள் பால்குடமும் காவடியும் ஏந்தி 272 படிகள் ஏறுவார்கள். நாவிலும் கன்னத்திலும் அலகு குத்திக்கொள்வோரும், அருள் வந்து ஆடுவோரும் அவர்களுள் இருப்பர். உலகெங்கிலுமிருந்து படம் எடுப்பவர்கள் அங்கு வந்து குவிவதில் வியப்பில்லை. வண்ணமும் வேகமும் நிறைந்த காட்சி அது.

அருள் வந்து ஆடும் ஒருவர் தம் முகத்துக்கு நேரே நீட்டப்படும் திறன்பேசியைக் கவனிப்பதில்லை. “எடுக்கலாமா?” என்று கேட்டாலும் அவரால் விடை கூற இயலாது. அவருடைய குடும்பத்தார் அவரைச் சுற்றி வளையம்போல நின்று காப்பது வழக்கம். அவர் யார்மீதும் மோதிவிடக்கூடாது, விழுந்துவிடக்கூடாது என்பது அவர்கள் கவலை. இப்போது அந்த வளையத்துக்குள்ளேயே கருவிகள் நுழைந்துவிடுகின்றன. பத்து நொடிக் காணொளி அன்று மாலையே ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைகிறது. யாரோ ஒருவர் அதனுடன் திரைப்பாடலைச் சேர்க்கிறார். இன்னொருவர் கேலி வாசகம் எழுதுகிறார். திங்கட்கிழமை பள்ளிக்கோ பணியிடத்துக்கோ செல்லும் அந்தக் காவடி எடுத்தவரை அவருடைய காணொளி அங்கே முந்திக்கொண்டு வரவேற்கிறது. வெளியிட்டவர் மனம் மாறி நீக்கினாலும், மற்றவர்கள் பதிவிறக்கிய படிகள் நீங்குவதில்லை.

அந்தப் பத்து நொடியில் விடுபட்டவை எவை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். மரக்கறி உணவு, தரையில் படுக்கை, விடியலில் நீராடல் என்று பல நாள் காத்த விரதம் அதில் இல்லை. நோயிலிருந்து மீண்ட பிள்ளைக்காகத் தாய் வைத்த நேர்த்திக்கடன் அதில் இல்லை. அலகு மட்டுமே இருக்கிறது. அதைப் பார்க்கும் வேற்று நாட்டவர் தமிழரின் பக்தியைப் பற்றி என்ன நினைப்பார்?

இருந்தும், சமூக ஊடகம் வழிபாட்டுக்குப் பகை என்று முடிவு கட்டிவிட இயலாது. 2020 மார்ச்சு 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன. 2021 சனவரி 28இல் வந்த தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் பொதுமக்கள் செல்லவில்லை. படிகள் வெறிச்சோடிக் கிடந்தன. சிங்கப்பூரிலும் அவ்வாண்டு காவடி ஊர்வலம் நடைபெறவில்லை. அக்காலத்தில் பூசைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தவை முகநூலும் வலையொளியுமே. தொலைக்காட்சியின் முன் விளக்கேற்றி வைத்து, தேங்காய் உடைத்து, நேரலையில் தீபாராதனை காட்டப்பட்டபோது கைகூப்பி நின்ற குடும்பங்கள் பல.

நம் மரபுக்கு இது முற்றிலும் புதியதுமன்று. மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. அதனால்தான் உற்சவர் தேரிலும் பல்லக்கிலும் வீதிக்கு வருகிறார். நோயாளிகளும் முதியோரும் தம் வாசலில் நின்றபடியே வழிபடுகிறார்கள். கோவிலுக்கு வர இயலாதவரைத் தேடிச் செல்வது தேரின் வேலை. படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்கு நேரலையும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

தமிழ்நாட்டில் சட்டமே இதில் தலையிட்டிருக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோவிலில் 2018 பிப்ரவரியில் தீ விபத்து நேர்ந்தது. அதன்பின் பாதுகாப்பைக் கருதி அங்குக் கைப்பேசிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2022 டிசம்பரில், திருச்செந்தூர் முருகன் கோவில் தொடர்பான வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மேலும் ஒரு படி சென்றது. கோவில்களின் தூய்மையையும் புனிதத்தையும் காக்க, தமிழ்நாட்டுக் கோவில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யுமாறு அது ஆணையிட்டது. விடுமுறையில் அங்குச் செல்லும் மலேசியரும் சிங்கப்பூரரும் கைப்பேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டு நுழைய வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இச்சிக்கல் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. 2017 நவம்பரில் போப் பிரான்சிஸ், திருப்பலியின்போது உயரும் கைப்பேசிகளைக் கண்டு வருந்தினார். வழிபாட்டில் குருவானவர் இதயங்களை உயர்த்தத்தான் அழைக்கிறார், கைப்பேசிகளை உயர்த்த அன்று என்று அவர் சுட்டிக்காட்டினார். பொதுமக்கள் மட்டுமல்லர், சில குருமார்களும் ஆயர்களும்கூட அவ்வாறு செய்வதாகக் கூறியதுதான் அந்த உரையின் துணிச்சல்.

முழுத் தடை எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்பது ஐயமே. கூட்ட நெரிசலில் பிள்ளையைத் தவறவிட்ட தாய்க்குக் கைப்பேசி வேண்டும். தேவாரத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பாடுவோரும் இருக்கிறார்கள். பல கோவில்கள் நடுவழி ஒன்றைக் கையாள்கின்றன. மூலவரைப் படம் எடுக்க அனுமதியில்லை என்ற அறிவிப்பு சன்னிதியின் முன் தொங்கும். திருவிழாக் காலத்தில் நிர்வாகமே ஓரிரு இடங்களில் ஒளிப்பதிவுக் கருவிகளை நிறுத்தி நேரலை செய்யும். அக்கருவியை எங்கு வைப்பது, எவர் முகத்தைக் காட்டாமல் விடுவது, எப்போது நிறுத்துவது என்பதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார். நூறு பேர் நூறு கைகளில் எடுக்கும் காணொளிகளுக்கு அப்படிப் பொறுப்பேற்பவர் எவருமில்லை.

அந்த ஒரு கருவி இயங்கும்போது மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் தங்கள் கைகளைக் கூப்பலாம். வர இயலாத பாட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால், பிரகாரம் சுற்றி முடித்து வெளியே வந்தபின் கோவிலின் நேரலை இணைப்பைப் புலனத்தில் பகிர்ந்தால் போதும். பாட்டியும் அசையாத, தெளிவான காட்சியைப் பார்ப்பார். பேரனின் கை நடுக்கமும், முன்னால் நின்றவரின் தலையும் அதில் இரா.