தக்காளி நாற்றுக்களைக் கூரையின் கீழ் உறுதியாக வளர்த்தல்

பெரும்போகத் தக்காளிக்கு நாற்றுமேடையிடும் காலத்திலேயே வடகீழ்ப் பருவ மழையும் தொடங்கிவிடுகின்றது. திறந்த மேடையிற் பெருமழை விழுமாயின் விதைகள் கழுவுண்டு போகும். முளைத்தவையும் நாற்றழுகல் நோயால் மடியும். ஆகவே கமக்காரர் பலர் பெட்டிகளில் விதைத்து வீட்டு விறாந்தையில் வைக்கின்றனர். இம்முறை நன்றே. ஆயினும், வெளிச்சத்தைக் கவனியாவிடின் மழைக்குத் தப்பிய நாற்று இருளாற் பழுதாகிவிடும்.

நாற்று நெடுத்து மெலிவதேன்?

வெளிச்சம் குறைந்த இடத்தில் நாற்று ஒளியை நாடி நெடுத்து வளரும், தண்டு மெலியும், இலை வெளிறும். நெருங்க விதைத்தலும், மிகையான நைதரசன் பசளையும், மிகையான நீரும் இக்குறையை வளர்க்கும். உயர்ந்த நாற்றே சிறந்த நாற்று என எண்ணுதல் தவறு. தண்டு பருத்து, கணுவிடை குறுகி, கரும்பச்சை இலைகள் நாலைந்து உடையதே நல்ல நாற்றாகும்.

பெட்டியும் மண்ணும்

பெட்டி 3 அல்லது 4 அங்குல ஆழமும் அடியில் நீர் வடியும் துளைகளும் உடையதாயிருத்தல் வேண்டும். மேல்மண்ணுடன் நன்கு உக்கிய மாட்டெருவும் சிறிது மணலுங் கலந்து நிரப்புக. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு செய்த நிலத்து மண்ணை எடுத்தலாகாது. வாடல் நோய்க் கிருமி அதில் தங்கியிருக்கக்கூடும். விதைப்பதற்கு ஒரு மாதம் முன்னரே, மழையற்ற நாட்களில், மண்ணை நனைத்து மெல்லிய படையாகப் பரப்பி, ஒளிபுகும் பொலித்தீன் தாளால் இறுக மூடி வெயிலிற் காயவிடுவது நோயைக் குறைக்கும்.

விதைத்தல்

வரிசைகளுக்கிடையே 3 அங்குலம் விட்டு, கால் அங்குல ஆழத்தில் ஐதாக விதைத்து, வைக்கோலால் மூடுக. ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளை தோன்றும். முதல் முளைகளைக் கண்ட அன்றே வைக்கோலை அகற்றுதல் வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் நாற்று நெடுத்துவிடும். உண்மையிலை தோன்றியதும், நாற்றுக்களுக்கிடையே 2 அங்குலம் இருக்குமாறு ஐதாக்குக.

வெளிச்சமும் நீரும்

கம்புகளை நாட்டி ஒளிபுகும் பொலித்தீனாற் கூரையிட்டு, பக்கங்களைக் காற்றோட்டத்துக்குத் திறந்துவிடுதலே மிகச் சிறந்தது. பக்கங்களில் நுண்வலை கட்டினால், இலைச்சுருளல் நோயைப் பரப்பும் வெண் ஈயையும் தடுக்கலாம். விறாந்தையன்றி வேறிடம் இல்லாதோர் பெட்டிகளை அதன் ஓரத்தில் வைத்து நாள்தோறும் திருப்புக. மழை ஓய்ந்த வேளைகளில் வெளியே எடுத்து வைக்குக. நீரைக் காலையில் மாத்திரம் ஊற்றுக. இரவில் மண்ணும் இலையும் ஈரமாயிருப்பின் அழுகல் எளிதிற் பரவும்.

நடுகைக்குப் பழக்குதல்

நடுகைக்கு ஒரு வாரம் முன்பிருந்து நீரைப் படிப்படியாகக் குறைத்து, நாற்றுக்களை வெயிலுக்குப் பழக்குக. 3 முதல் 4 வாரத்தில் மாலை வேளையில், நீர் தேங்காத வரம்புகளில் நடுக. நாற்றுச் சிறிது நெடுத்திருப்பின் கீழிலைகளை நீக்கித் தண்டை ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் தோன்றும். அடித்தண்டு அழுகிய நாற்றுக்களை மாத்திரம் இரக்கமின்றி அழித்துவிடுக. ஒரு நோயுற்ற நாற்று வயல் முழுவதற்கும் கேடாகலாம்.

தங்கள் பகுதிக்கேற்ற இனங்களைப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்க.